தாதியர் கல்வியும் உளநோய் என்னும் குற்றச்சாட்டும்

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என வகுத்த வள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு, நோயாளியின் அருகிலிருந்து பணிபுரியும் உழைச்செல்வானையும் நான்காம் உறுப்பாக எண்ணினார். எண்ணத்தில் கிடைத்த அந்த இடம் நடைமுறையில் அவனுக்கு என்றுமே கிடைத்ததில்லை. இன்று உலகெங்கும் அப்பணியைச் செய்வோருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள்ளும் பலர் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்தோர். அவர்களைத் 'தேவதைகள்' என்று புகழ்வதற்குச் சமுதாயம் சலிப்பதில்லை. தேவதைக்குப் பசியில்லை, உறக்கமில்லை, மனமும் இல்லை என்பது அப்புகழ்ச்சியினுள் மறைந்து கிடக்கும் பொருள்.

பயிற்சிக்கு வரும் தாதிய மாணவிக்கு முதல் வாரத்திலேயே ஓதப்படும் நெறி ஒன்றுண்டு. நோயாளியின் அந்தரங்கம் புனிதமானது. அவன் நோயை அவன் அனுமதியின்றி எவருக்கும் வெளியிடலாகாது. நோயை வைத்து அவனை இழிவாகக் கருதலாகாது என்பதே அந்நெறி. நல்ல நெறிதான். ஆனால் அதே மாணவி உறக்கமிழந்து, மனஞ்சோர்ந்து, தானே நோயாளியாகும்போது அந்நெறி அவளுக்குப் பொருந்துகிறதா? அவள் நோய் விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படுகிறது. விரிவுரையாளர் அறையில் பேசப்படுகிறது. அவள் முகநூலில் எழுதிய நான்கு வரி பிரதி எடுக்கப்பட்டுக் கோப்பில் சேர்க்கப்படுகிறது. நோயாளியின் இரகசியத்தைக் காக்கக் கற்பிக்கும் நிறுவனமே, தன்னிடம் பயிலும் நோயாளியின் இரகசியத்தைத் தனக்கு உரிய சொத்தாகக் கருதுகிறது. இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவதும், அது யார் நலனுக்காக நிலைபெற்றிருக்கிறது என்று கேட்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

நவீனத் தாதியத்தின் தாய் எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரிலிருந்து 1856 இல் திரும்பிய பின்னர் பல்லாண்டுகள் நோயாளியாகவே வாழ்ந்தவர். உடல்வலியும் கடும் மனச்சோர்வும் அவரைப் படுக்கையிலும் அறைக்குள்ளும் முடக்கின. அந்நிலையிலிருந்தபடியே அவர் அறிக்கைகள் எழுதினார், புள்ளிவிவரங்களைத் தொகுத்தார், 1860 இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவச் செய்தார். பிற்காலத்தில் அதே நாட்டில் எழுந்த உடற்றகுதி விதிகளை அவர்மீது பிரயோகித்தால், தாம் நிறுவிய பள்ளியின் வாயிலைத் தாண்டவே அவருக்கு இடம் கிடைத்திராது.

அவ்விதிகள் எழுந்த வரலாறு அறியத்தக்கது. 1991 இல் இங்கிலாந்தின் கிராந்தம் நகர வைத்தியசாலையில், குழந்தைகள் விடுதியில் பணிபுரிந்த தாதி ஒருவர் நான்கு குழந்தைகளைக் கொன்றார். வேறு பல குழந்தைகளுக்கு ஊறு செய்தார். 1993 இல் அவருக்கு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. கேட்போர் நெஞ்சை நடுங்க வைக்கும் கொடுமை அது, ஐயமில்லை. அது குறித்து ஆராய்ந்த சேர் செசில் குளோதியரின் குழு 1994 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஐயம் எழுந்த பின்னரும் வைத்தியசாலை விரைந்து செயற்படாமையை அவ்வறிக்கையே கண்டித்தது. ஆயினும் நாட்டின் தாதியர் கல்வியில் ஆழப் பதிந்த பகுதி மற்றொன்றாகும். அளவுக்கு மீறிய சுகவீன விடுமுறை, அளவுக்கு மீறி வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ நாடுதல், தன்னைத்தானே ஊறுபடுத்தல், உணவு உண்பதில் கோளாறு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. இவை உடையோர் தொழில்முறை உதவி எதுவுமின்றி இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து காட்டிய பின்னரே பயிற்சிக்கு எடுக்கப்படவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

இதன் பொருளைச் சற்று ஊன்றி நோக்குக. ஒருத்தி செய்த கொலைக்கு, கொலைக்கும் தமக்கும் எவ்விதத் தொடர்புமற்ற ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பிணை கொடுக்க வேண்டியவராயினர். பதினேழு வயதில் மனச்சோர்வுற்று, உதவி நாடி, மருந்துண்டு, குணமடைந்த மாணவி ஐயத்துக்குரியவள் ஆனாள். அதே சோர்வுக்கு ஆளாகி, எவரிடமும் சொல்லாது, எவ்வுதவியும் பெறாது இருந்தவளோ தூய்மையானவள் ஆனாள். உதவி நாடியதே குற்றத்துக்குச் சான்றாயிற்று! வைத்தியத்தை நாடுவோரைத் தண்டிக்கும் விதி வைத்தியத் துறையின் உள்ளேயே பிறந்தது என்பதை நினைத்து நகைப்பதா, அழுவதா?

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2007 இல், பிரித்தானியாவின் ஊனமுற்றோர் உரிமைகள் ஆணைக்குழு தாதியம், ஆசிரியம், சமூகப்பணி ஆகிய மூன்று தொழில்களிலும் நடைமுறையிலிருந்த உடற்றகுதி நியமங்களை முறையாக விசாரித்தது. இத்தகைய பொதுவான நியமங்கள் பாரபட்சத்துக்கு வழிவகுக்கின்றன. மக்களைப் பாதுகாக்கின்றன என்பதற்கு ஆதாரமில்லை. மாறாக, நோயை மறைக்கும்படி மாணவரையும் தொழிலாளரையும் தூண்டுகின்றன. ஆகவே அவை நீக்கப்படவேண்டும் என்பதே அவ்வாணைக்குழு கண்ட முடிபு. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வேலை வழங்க முன்வருமுன் விண்ணப்பகாரரின் நோய் வரலாற்றைக் கேட்பதைப் பெரும்பாலும் தடைசெய்தது. சட்டம் ஓரளவு மாறியது. அஞ்சும் மனமும் ஐயுறும் பழக்கமும் அத்துணை விரைவில் மாறவில்லை.

'நோயாளியின் உயிர் பெரிதன்றோ? மனநிலை தவறியவள் கையில் ஊசியைக் கொடுப்பதா?' என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது, விடை கூறவேண்டியதே. மருந்தின் அளவைத் தவறவிடுபவள், விடுதியில் நோயாளியைக் கைவிட்டுச் செல்பவள், போதையில் பணிக்கு வருபவள் எவளாயினும் அவள் தடுக்கப்படவேண்டும். அவளைத் தடுப்பதற்கு அவள் செய்கையே போதிய காரணம். நோயின் பெயர் தேவையில்லை. நீரிழிவுள்ள தாதி சர்க்கரை குறைந்து மயங்கிவிடக்கூடும் என்பதற்காக நீரிழிவாளர் அனைவரையும் நாம் வெளியேற்றுவதில்லை. அவள் மருந்தெடுக்கிறாளா, பணி செய்ய இயலுமா என்றே கேட்கிறோம். உளநோய்க்கு மட்டும் வேறு நீதி ஏன்? செய்கையை நோக்குவது பாதுகாப்பு. பெயரை நோக்குவது பாரபட்சம்.

இவ்வேறுபாடு நமது கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1990 இல் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டம் நிறைவேறிய பின்னரும், பல மாநிலங்களின் தொழில் அனுமதிச் சபைகள் விண்ணப்பகாரரிடம் உளநோய் பற்றிக் கேட்டு வந்தன. 2014 இல் லூசியானா மாநிலத்தில் சட்டத்தரணிகளாக விரும்பியோரிடம் அவ்வாறு கேட்கப்பட்டதை அந்நாட்டு நீதித் திணைக்களம் எதிர்த்தது. நோயின் பெயரை அன்று, நடத்தையையே நோக்கவேண்டும் என்ற அடிப்படையில் அவ்வழக்கு இணக்கத்தில் முடிந்தது. சட்டத்தரணிக்குப் பொருந்திய நீதி தாதிக்குப் பொருந்தாதா?

உண்மையில் நோயாளியின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது மறைக்கப்பட்ட நோயே. கேட்டால் அனுமதி போய்விடும் என்று அஞ்சுபவள் சிகிச்சைக்குச் செல்லமாட்டாள். சென்றாலும் உண்மையைச் சொல்லமாட்டாள். இரவுப் பணியின் நடுவே கைந்நடுங்கினாலும் மேற்பார்வையாளரிடம் உதவி கேட்கமாட்டாள். நியூயோர்க்கின் அவசர சிகிச்சை வைத்தியர் லோர்னா பிரீன் 2020 இல், கொள்ளைநோயின் உச்சத்தில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உளநோய்க்குச் சிகிச்சை பெற்றமை தெரிந்தால் தம் தொழில் பறிபோய்விடும் என்று அவர் அஞ்சியதாக அவர் குடும்பத்தார் வெளிப்படையாகக் கூறினர். சுகாதாரப் பணியாளரின் உளநலம் பற்றி 2022 இல் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறிய சட்டம் அவர் பெயரையே தாங்குகிறது. அனுபவமும் பதவியும் பெற்ற வைத்தியரையே அவ்வச்சம் விழுங்குமெனின், புள்ளிகளுக்கும் சான்றிதழுக்கும் பிறர் கையை எதிர்நோக்கி நிற்கும் இருபது வயது மாணவியின் கதி யாது?

படிவம் வாயிலில் நின்று கேட்கும் கேள்வி. சமூக வலைத்தளக் கண்காணிப்போ வீட்டினுள் புகுந்து கேட்கும் கேள்வி. முன்னதில் மாணவி தான் சொல்ல விரும்பியதைச் சொல்கிறாள். பின்னதில் அவள் தோழியரிடம் சொன்னது, அவள் அறியாமலே, அதிகாரத்தின் செவிக்குச் செல்கிறது.

இவ்விடத்தில் இரு வேறு அந்தரங்கங்களைப் பிரித்தறிதல் அவசியம். ஒன்று நோயாளியுடையது, மற்றது மாணவியுடையது. நோயாளியின் படத்தையோ கதையையோ வலைத்தளத்தில் இடுபவளுக்கு நாம் பரிந்து பேச வரவில்லை. பெயரைச் சொல்லாது விட்டாலும் ஊர், நாள், நோய் என்பன சேர்ந்து ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அது துரோகம், கண்டிக்கத்தக்கது. ஆனால் 'நோயாளியின் இரகசியம்' என்ற பெயரால் கட்டப்பட்ட வேலி, காலப்போக்கில் 'நிறுவனத்தின் மானம்' என்ற காணியையும், 'தொழிற் பண்பு' என்ற எல்லையற்ற வெளியையும் தன்னுள் வளைத்துக்கொண்டது.

அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்த மூன்று வழக்குகள் இதனைத் தெளிவாக்கும். 2009 இல் கென்டக்கி மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்று, தான் கண்ட பிரசவத்தைப் பற்றித் தன் வலைப்பக்கத்தில் நகைச்சுவையாக எழுதிய தாதிய மாணவியை நீக்கியது. தாயின் பெயர் அதில் இல்லை. நீதிமன்றம் அவ்வாண்டே அவளைத் திரும்பச் சேர்க்கப் பணித்தது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. ஆனால் அதற்குள் அவள் படிப்பை முடித்துவிட்டாள். 2010 இல் கன்சாஸ் மாநிலத்துக் கல்லூரியொன்று, ஆய்வுகூடத்தில் நச்சுக்கொடியுடன் படமெடுத்து முகநூலில் இட்டமைக்காக மாணவியரை வெளியேற்றியது. விசாரணை முறையாக நடைபெறவில்லை என்று கண்ட நீதிமன்றம், 2011 ஜனவரியில் வழக்குத் தொடுத்த மாணவியை மீளச் சேர்க்கும்படி கட்டளையிட்டது. இவ்விரண்டிலும் ஏதோ ஒருவகையில் நோயாளியின் உலகம் சம்பந்தப்பட்டிருந்தது.

மூன்றாவது அவ்வாறன்று. மினசோட்டா மாநிலத்தில் ஒரு தாதிய மாணவர் தன் முகநூற் பக்கத்தில் சக மாணவரைப் பற்றிக் கோபத்துடனும் இழிவாகவும் எழுதினார். அவற்றுள் ஒன்று தம்மை அச்சுறுத்துவதாகச் சக மாணவர் கருதினர். அச்சொற்கள் நன்றென யாம் கூறோம். ஆயின் அவரை நீக்கக் கல்லூரி காட்டிய காரணம் தொழிற் பண்பின்மை. 2016 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது; 2017 இல் உயர் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அச்சுறுத்தலை அச்சுறுத்தல் என்றே விசாரித்திருக்கலாம். சான்றை முன்வைத்து, பதில் கேட்டு, தண்டனையை அளந்திருக்கலாம். 'பண்பு' என்ற சொல்லோ அளவற்றது. வகுப்பறைக்கு வெளியே, நோயாளி எவரையும் தொடாத பேச்சையும் அச்சொல்லால் அளக்கலாம் என்றாகிவிட்டால், இன்று கோபத்தை அளக்கும் கோல் நாளை துயரத்தையும் அளக்கும்.

ஆம், துயரத்தையும் அளக்கும். 'மூன்று நாளாக உறக்கமில்லை. எதற்கும் மனமில்லை' என்று ஒரு மாணவி நள்ளிரவில் எழுதுகிறாள் எனக் கொள்வோம். அதனைப் படிக்கும் தோழிக்கு அது அபயக்குரல். பிரதி எடுத்து அதிபரிடம் அனுப்புபவருக்கு அது சான்று. 'உன் நலனுக்காகவே கேட்கிறோம்' என்று தொடங்கும் உரையாடல், 'நீ இத்தொழிலுக்குத் தகுதியானவளா?' என்ற வினாவில் முடிகிறது. படிவம் கேட்ட பழைய கேள்வி, வேறு வாயிலால் மீண்டும் உள்ளே வருகிறது. மாணவரின் கடவுச்சொல்லைக் கல்லூரிகள் கேட்பதை 2012 இல் டெலவெயர், கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் சட்டத்தால் தடுக்க நேர்ந்தது. சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்கு அப்பழக்கம் தலைகாட்டியிருந்தது என்பதே அதன் பொருள்.

சரி, வலைத்தளத்தில் எழுதாமல் உளவளத்துணையாளரிடம் இரகசியமாகப் பேசலாமே என்பர். அங்கும் வணிகன் முந்திக்கொண்டான். இணையவழி உளவளத்துணை விற்கும் பெட்டர்ஹெல்ப் என்ற நிறுவனம், தன்னை நம்பி வந்தோரின் தகவல்களை விளம்பரத்துக்காக முகநூல் முதலிய நிறுவனங்களுக்கு வழங்கியது என 2023 இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அந்நிறுவனம் 78 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. தானியத்தையும் தேயிலையையும் பண்டமாக்கிய சந்தை, மனிதன் கண்ணீரையும் பண்டமாக்க எத்தனை காலம் எடுக்கும்? ஒருபுறம் நிறுவனம் அவள் துயரைக் கோப்பில் இடுகிறது; மறுபுறம் முதலாளி அதனை ஏலத்தில் விடுகிறான். இடையில் அவளுக்கென ஒரு மூலையும் மிஞ்சவில்லை.

இத்துணைக் கண்காணிப்பு எதற்காக? தாதிய மாணவரின் மனச்சோர்வு வானத்திலிருந்து விழுவதன்று. இங்கிலாந்தை மீண்டும் நோக்குக. அங்கு 2018 இல் வெளியான நியமப்படி, பயிற்சி மணித்தியாலங்கள் 4600. அவற்றுள் பாதி, அதாவது 2300, நோயாளர் மத்தியில் செய்யும் செயன்முறைப் பயிற்சி. அவ்வுழைப்புக்கு ஊதியமில்லை. 2017 இல் புதிய மாணவருக்கான உதவிப்பணமும் நிறுத்தப்பட்டு, அவர்கள் ஏனைய மாணவரைப் போல் கடன்பட்டுக் கட்டணம் செலுத்த வேண்டியவராயினர். 2020 இல் ஒரு பகுதி உதவி மட்டும் திரும்பியது. பகலில் கூலியில்லாப் பயிற்சி, இரவில் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலை, இடையில் பரீட்சை, நாள்தோறும் பிறர் மரணத்துக்குச் சாட்சி. இந்நிலையில் மனம் தளர்வதன்று வியப்பு, தளராதிருப்பதே வியப்பு.

ஆட்பற்றாக்குறையை நீக்கப் பணம் வேண்டும். இரவுப் பணியைக் குறைக்கப் பணம் வேண்டும். நல்ல உளவளத்துணையாளரை அமர்த்தப் பணம் வேண்டும். மாணவியின் மனத்தில் ஊனம் காண்பதற்கோ ஒரு படிவமும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். விடுதியில் தவறு நேர்ந்தால் 'அவள் உளநோயாளி' என்ற இரு சொற்கள், இருபது நோயாளிக்கு ஒரு தாதியை நிறுத்திய நிருவாகத்தைக் காப்பாற்றிவிடும். சமுதாயக் குறையைத் தனிமனிதக் குறையாக மாற்றிக் காட்டும் பழைய வித்தை இது.

நமது நாட்டுக்கு வருவோம். மேலைநாட்டில் நடப்பது நமக்கெதற்கு என்று இருந்துவிட இயலாது. ஏனெனில் தாதியர் கல்வியையும் உளநோய் பற்றிய சட்டத்தையும் நாம் பெற்றுக்கொண்டது அவ்வாட்சியிடமிருந்தே. 1873 இல் குடியேற்ற ஆட்சியினர் இயற்றிய கட்டளைச் சட்டம், பெயர் மாற்றத்தோடும் திருத்தங்களோடும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உளநோயாளர் பற்றிய நம் சட்டத்தின் அடித்தளமாக இருந்து வந்தது. நோயாளியைக் குணப்படுத்துவதினும் அடைத்து வைப்பதே அச்சட்டத்தின் முதற் கவலை. தற்கொலைக்கு முயல்வது குற்றமன்று என்று நம் தண்டனைச் சட்டம் ஒப்புக்கொண்டதே 1998 இல்தான். 2005 இல் தேசிய உளநலக் கொள்கை வகுக்கப்பட்டது. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9 ஆம் இலக்கச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. ஆயினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. காகிதத்தில் முன்னேற்றம் உண்டு. வாழ்க்கையில் அதன் நிழல் இன்னும் விழவில்லை.

வாழ்க்கையில் நிகழ்வதை நாமனைவரும் அறிவோம். தெற்கிலே 'அங்கொடை' என்பதும் வடக்கிலே 'மந்திகை' என்பதும் ஊர்ப் பெயர்களாக நில்லாது வசைச் சொற்களாகிவிட்டன. அங்கு பணிபுரியும் தாதியரும் வைத்தியரும் எத்தனையோ உயிர்களைக் காத்திருந்தும், அவ்வூர்ப் பெயரைச் சொல்லியே ஒருவரை எள்ளுகிறோம். பெண்பிள்ளை ஒருத்தி உளநோய்க்கு மருந்தெடுத்தாள் என்றால் அவள் கலியாணப் பேச்சுக் குலைகிறது. அவள் தங்கையின் கலியாணமும் குலைகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தாதியம் பயிலும் பிள்ளைகள் இதே சமுதாயத்திலிருந்து வருகிறார்கள். போரையும் இடப்பெயர்வையும் கண்ட குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். வகுப்புக்கென அமைத்த வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியைப் பற்றிப் போடும் ஒரு வரி, விடுதியைத் தாண்டி, ஊரைத் தாண்டி, வீட்டு முற்றம் வரை சென்றுவிடும். படிவம் கேட்காத கேள்வியை இங்கே ஊர் கேட்கிறது. ஆதலின் நமது மாணவிக்கு அந்தரங்கம் என்பது ஆடம்பரமன்று. அவள் வாழ்வுக்கு வேலி.

எனவே நாம் வேண்டுவன தெளிவானவை. பயிற்சிக்குச் சேர்ப்போர், 'இப்பணியைச் செய்ய இயலுமா, என்ன உதவி வேண்டும்?' என்று மட்டும் கேட்கவேண்டும். கடந்தகால நோயின் பெயரைக் கேட்கலாகாது. உளவளத்துணையாளர் கல்லூரியின் புள்ளியிடும் அதிகாரத்திலிருந்து முற்றாக விலகி நிற்கவேண்டும். அவர் குறிப்பேடு அதிபரின் மேசைக்கு வரலாகாது. உயிராபத்து நேரும் தறுவாயில் அவர் எவருக்கு எதைச் சொல்லலாம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டு மாணவர் கையில் கொடுக்கப்படவேண்டும். கைத்தொலைபேசியைத் திறந்து காட்டு, கடவுச்சொல்லைத் தா என்று எவரும் கேட்கலாகாது. நோயாளியின் இரகசியத்தை வெளியிடல் எத்தகைய தவறு, அதற்கு யாது தண்டனை என்பது வரையறுக்கப்படவேண்டும். அவ்வரையறைக்கு அப்பால் மாணவியின் எழுத்து அவளுக்கே உரியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் சான்றைக் காணவும், பதிலிறுக்கவும், தம் பிரதிநிதியை அழைத்து வரவும் உரிமை வேண்டும்.

இவற்றை எவரும் கருணையால் தரப்போவதில்லை. மாணவர் ஒன்றியங்கள் விளையாட்டுப் போட்டியோடும் கலைவிழாவோடும் நின்றுவிடாது இதனைக் கையிலெடுக்கவேண்டும். தாதியர் தொழிற்சங்கங்கள், சம்பளத்துக்கும் படிக்கும் போராடுவது போலவே, நாளை தம்முள் ஒருவராகப் போகும் மாணவிக்காகவும் குரலெழுப்பவேண்டும். ஆசிரியர்கள் செய்யக்கூடியது இன்றே உண்டு. மாணவியொருத்தியைப் பற்றி எவரேனும் கொண்டுவந்து நீட்டும் பிரதியை வாங்க மறுக்கலாம். அவள் வரவு குறைந்தால், 'என்ன நோய்?' என்று கேளாது, 'என்ன உதவி வேண்டும்?' என்று கேட்கலாம்.

சமுதாயத்தின் நோயைத் துடைக்க இரவெல்லாம் விழித்திருப்பவளுக்கு நோயுறும் உரிமை உண்டு. குணமடையும் உரிமை உண்டு. அவ்விரண்டையும் பிறர் அறியாதிருக்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையை மறுக்கும் கல்வி, எத்துணைப் பட்டம் வழங்கினும், நோயாளியை மதிக்கும் தாதியை உருவாக்காது; தன் நோயையும் பிறர் நோயையும் கண்டு அஞ்சும் ஊழியரையே உருவாக்கும்.